கனடாவின் சி.சி.எஃப்.பி.-ஈ.எம். சான்றிதழ்: எல்லைக்கு வெளியே எவ்வளவு செல்லும்?

கனடாவில் குடும்ப மருத்துவத்தில் 2 ஆண்டு ரெசிடென்சி (மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) முடித்து, அதன்மேல் 1 ஆண்டு அவசர சிகிச்சைப் பயிற்சி எடுத்து, அதற்கான தேர்விலும் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் சி.சி.எஃப்.பி.-ஈ.எம். என்று போட்டுக்கொள்ளலாம். மருத்துவர்கள் பேச்சில் இது 'டூ ப்ளஸ் ஒன்'. உள்நாட்டில் இதற்கு இருக்கும் மதிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாடு போக நினைப்பவர்கள் மட்டும் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே மருத்துவராகப் பதிவு வாங்கித் தருவது சி.சி.எஃப்.பி. என்ற முன்பாதிதான். ஈ.எம். என்ற பின்பாதி, பதிவு கிடைத்த பிறகு எந்த வேலையில் உட்காரலாம் என்பதற்கு உதவும். அவசர மருத்துவ நிபுணர் என்ற பட்டத்தை அது ஏறக்குறைய எங்கும் வாங்கித் தராது.

காரணம் கனடாவின் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே அவசர மருத்துவத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று ராயல் காலேஜ் நடத்தும் 5 ஆண்டுப் பயிற்சி, முடித்தால் எஃப்.ஆர்.சி.பி.சி. மற்றது குடும்ப மருத்துவர்கள் கல்லூரியின் இந்த 2+1. இரண்டும் 1980களின் தொடக்கத்தில் பிறந்தவை. கிராமத்து மருத்துவமனை முதல் பெருநகரப் போதனா மருத்துவமனை வரை இரண்டு வகையினரும் ஒரே அட்டவணையில், ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். ஆனால் இது கனடாவுக்குள் இருக்கும் புரிந்துணர்வு. வெளிநாட்டு மருத்துவக் கவுன்சில் அதிகாரி பார்ப்பது வேறு: எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எத்தனை ஆண்டு மேற்பார்வையில் பயிற்சி. அந்தக் கணக்கில் 5 ஆண்டுக்கு எதிரே 1 ஆண்டு நிற்கிறது. குடும்ப மருத்துவத்தின் 2 ஆண்டுகளை அவசர மருத்துவத்தின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பயிற்சி வருடம் எடுக்காமலும் இந்த எழுத்துகளைப் பெறலாம்: சில ஆண்டுகள் எமர்ஜென்சியில் வேலை பார்த்த குடும்ப மருத்துவர் அனுபவத்தைக் காட்டி நேரடியாகத் தேர்வு எழுதலாம். கனடாவில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வெளிநாட்டில் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மேற்பார்வையுடன் பெற்ற பயிற்சி என்பதற்குத்தான் அங்கே கணக்கு. அனுபவ வழியில் வந்தவரிடம் காட்டுவதற்கு, எந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று பயிற்சித் திட்ட இயக்குநர் கையெழுத்திட்ட சுழற்சிப் பட்டியலே இருக்காது. வெளிநாட்டு எண்ணம் கொஞ்சமாவது இருப்பவர், போட்டி கடுமையானாலும் ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் கார்ம்ஸ் வழியாகப் பயிற்சி இடத்துக்கே முயல்வது நல்லது.

அமெரிக்கா

அதிகம் கேட்கப்படும் நாடு, அதிகம் குழப்பும் நாடும் இதுவே. இங்கே மூன்று தனித்தனிப் பூட்டுகள்: மாநில லைசென்ஸ், துறை வாரியம் தரும் நிபுணர் சான்றிதழ், மருத்துவமனை அனுமதி. ஒன்று திறந்தால் மற்றது தானாகத் திறக்காது.

லைசென்ஸ் பெரும்பாலும் கிடைத்துவிடும். கனடாவில் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியைப் பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் நாட்டுப் பயிற்சிக்குச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. தேர்வில்தான் பிரிகிறார்கள். சில மாநிலங்கள் கனடா மருத்துவக் கவுன்சிலின் எல்.எம்.சி.சி. தகுதியை ஏற்கும், சில அமெரிக்க உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் மூன்று படிகளையும் கேட்கும். முதல் இரண்டு படிகளைப் படிக்கும் காலத்திலேயே எழுதிவிட்டு மூன்றாவதை விட்டவர்கள் ஏராளம். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் வெளியே படித்தவர் மூன்றாம் படி எழுத, வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியைச் சரிபார்க்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ் வேண்டும். தவிர, எல்லாப் படிகளையும் 7 ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. பத்து வருடம் முன்பு எழுதிய முதல் படியை நம்பிக் கிளம்பியவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

ஒரே விண்ணப்பத்தில் பல மாநில லைசென்ஸ் தரும் காம்பாக்ட் ஏற்பாட்டை நம்பித் திட்டம் போடுவது வீண். அதன் விதி அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியையும் அமெரிக்கத் தேர்வையும் கேட்கிறது. கனடாவில் பயிற்சி பெற்றவர் மாநிலம் மாநிலமாகத் தனி விண்ணப்பம்தான் போட வேண்டும்.

வாரியத்துக்கு வருவோம். அமெரிக்க அவசர மருத்துவ வாரியம் அனுபவத்தை வைத்துத் தேர்வு எழுத விட்ட வழியை 1988இலேயே மூடிவிட்டது. குடும்ப மருத்துவத்தோடு ஓராண்டு கூடுதல் பயிற்சி அவர்கள் கணக்கில் வராது. எத்தனை வருட அனுபவம் சேர்த்தாலும் வராது. முழு அவசர மருத்துவ ரெசிடென்சியை மறுபடி செய்ய வேண்டும். திறந்திருப்பது அமெரிக்கக் குடும்ப மருத்துவ வாரியத்தின் பக்கம். கனடாவில் ரெசிடென்சி முடித்து சி.சி.எஃப்.பி. பெற்றவர்களுக்கு அங்கே பரஸ்பர ஏற்பாட்டில் சான்றிதழ் பெற வழி உண்டு. காகிதத்தில் அங்கே நீங்கள் வாரியச் சான்று பெற்ற குடும்ப மருத்துவர். அவசர சிகிச்சை உங்கள் கூடுதல் திறமை. வேலை தேடும்போதும் அப்படியே அறிமுகப்படுத்திக்கொள்வது உத்தமம்.

அவசர மருத்துவத்துக்கென்று இன்னொரு சான்றிதழும் இருக்கிறது. பி.சி.ஈ.எம். என்ற அமைப்பு தருவது. குடும்ப மருத்துவர்கள் 5 ஆண்டு முழுநேர எமர்ஜென்சி வேலையும் 7,000 மணி நேரமும் காட்டினால் அதன் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அது அமெரிக்காவின் முதன்மை வாரியக் கூட்டமைப்பைச் சேர்ந்ததல்ல. சில மருத்துவமனைகள் ஏற்கும், பல ஏற்காது. வேலை தரப்போகும் மருத்துவமனை அதை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்காமல் அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது பூட்டு மருத்துவமனை அனுமதி, அதாவது அங்கே நோயாளி பார்க்கத் தரும் பிரிவிலெஜ். நகரத்துப் பெரிய மருத்துவமனைகளின் உள்விதிகள் அவசர மருத்துவ வாரியச் சான்றையே கேட்கும். அங்கே முட்டி மோதிப் பயனில்லை. கிராமப்புறத்தில் நிலைமை வேறு. கிரிட்டிகல் ஆக்சஸ் என்று வகைப்படுத்தப்பட்ட, 25 படுக்கைக்கு மிகாத சிறு மருத்துவமனைகளில் எமர்ஜென்சியைப் பல இடங்களில் குடும்ப மருத்துவர்களே தாங்குகிறார்கள். 2+1 பயிற்சியின் அளவுக்கு அந்த வேலை அளவெடுத்துத் தைத்த சட்டை. இரவில் தனி ஆளாக இன்டுபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல்), மார்புக் குழாய், எலும்பு மூட்டைச் சரிசெய்தல், பிரசவம், ஹெலிகாப்டர் வரும்வரை நோயாளியைப் பிடித்து வைத்திருத்தல் எல்லாம் வரும். அங்கே போகிறவர் விபத்துக் காயச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பயிற்சி அட்டையைக் காலாவதியாக விடக் கூடாது. அவசர மருத்துவ வாரியச் சான்று இருப்பவர் அதை ஒருமுறை முடித்திருந்தால் போதும். மற்ற வாரியத்தினர் நடப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சர்ஜன்கள் கல்லூரி விபத்து மையங்களுக்கு வைத்திருக்கும் விதி. அட்டையின் ஆயுள் 4 ஆண்டு. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்குமான உயிர்காப்புப் பயிற்சிகளான ஏ.சி.எல்.எஸ்., பி.ஏ.எல்.எஸ். இரண்டுக்கும் 2 ஆண்டு. இவற்றுக்குக் கனடாவின் ஹார்ட் அண்ட் ஸ்ட்ரோக் அமைப்பு தரும் அட்டையை ஏற்காமல் அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் அட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் மருத்துவமனைகளும் உண்டு.

விசாவில் ஒரு பொறி. கனடியக் குடிமக்களுக்கு எளிதான டி.என். அந்தஸ்து மருத்துவர்களுக்குப் பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே. நோயாளி பார்க்கும் வேலைக்கு அது ஆகாது. எச்-1பி வேலை விசா என்றால், இந்தியாவிலோ இலங்கையிலோ படித்துக் கனடா வந்தவருக்கு யு.எஸ்.எம்.எல்.இ. தேவைப்படும், எல்.எம்.சி.சி.யை வைத்து மாநில லைசென்ஸ் வாங்கிய பிறகும் விசா நிலையில் நின்றுபோவது இதனால்தான். லைசென்ஸ் அலுவலகமும் குடிவரவு அலுவலகமும் வேறு வேறு விதிப்புத்தகம் வைத்திருக்கின்றன. முதலில் குடிவரவு வழக்கறிஞர், பிறகு மாநில விண்ணப்பம் என்ற வரிசை பணத்தை மிச்சப்படுத்தும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து

இந்தச் சான்றிதழுக்கு உலகத்தில் மிகப் பொருத்தமான இடம் இந்தப் பக்கம்தான். கிராமத்து மருத்துவமனையில் குடும்ப மருத்துவமும் எமர்ஜென்சியும் சேர்த்துப் பார்ப்பவர் என்ற வகை அங்கே ஏற்கெனவே பெயரோடும் படிப்போடும் இருக்கிறது: ரூரல் ஜெனரலிஸ்ட்.

ஆஸ்திரேலியாவில் எல்.எம்.சி.சி. வைத்திருப்பவருக்குக் காம்பிடென்ட் அத்தாரிட்டி என்ற வழி உண்டு. ஆஸ்திரேலியத் தேர்வு எழுத வேண்டியதில்லை. தற்காலிகப் பதிவோடு 12 மாதம் மேற்பார்வையில் வேலை செய்தால் பொதுப் பதிவு. எமர்ஜென்சியில் மூத்த மருத்துவ அதிகாரியாகச் சேர இது போதுமானது. நிபுணராகப் பதிவு வேண்டும் என்றால் பாதை பிரிகிறது. குடும்ப மருத்துவ நிபுணர் என்றால் அங்குள்ள பொது மருத்துவர்கள் கல்லூரிக்கோ, ஊரக மருத்துவத்துக்கான ஏக்ரம் கல்லூரிக்கோ போக வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய விரைவு வழியின் முதல் பட்டியலில் இடம்பெற்றவை பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்துத் தகுதிகள். கனடா அதில் இல்லை. கனடியர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும் விஷயம் இது, ஏனென்றால் ஆஸ்திரேலியப் பொது மருத்துவருக்குக் கனடா தேர்வு இல்லாமலே சி.சி.எஃப்.பி. தருகிறது.

அவசர மருத்துவ நிபுணர் பதிவு ஏசெம் எனப்படும் ஆஸ்திரலேசிய அவசர மருத்துவக் கல்லூரியின் கையில். வெளிநாட்டுத் தகுதியை ஏறக்குறையச் சமம், பகுதிச் சமம், சமமில்லை என மூன்றாகப் பிரிப்பார்கள். பகுதிச் சமம் என்றால் 24 மாதம் வரை கூடுதல் பயிற்சி, தேர்வும் சேரலாம். ஏசெம்மின் சொந்தப் பயிற்சியே குறைந்தது 5 ஆண்டு. அதன் முன் ஓராண்டுப் பயிற்சியை நிறுத்தினால் விடை ஊகிக்கக்கூடியதே. விண்ணப்பக் கட்டணம் கட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அதே பணத்தில் ஏக்ரம் வழியை விசாரிப்பது பயனுள்ளது. அதன் பயிற்சியில் அவசர மருத்துவம் ஒரு சிறப்புப் பாடப்பிரிவாகவே இருப்பதால் 2+1காரர் காட்டும் அனுபவம் அங்கே வீணாகாது.

பணம் தொடர்பாக ஒன்று. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற மருத்துவர் 10 ஆண்டுகளுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பில் போட இடக் கட்டுப்பாடு உண்டு, 19ஏபி என்பார்கள். சம்பளத்துக்கு அரசு மருத்துவமனை எமர்ஜென்சியில் மட்டும் வேலை பார்ப்பவரை அது பெரிதாகத் தொடாது. பக்கத்தில் சொந்தமாகக் கிளினிக்கும் வைக்கலாம் என்று நினைப்பவரைத் தொடும்.

வேலையில் பழகிக்கொள்ள நேரம் அதிகம் ஆகாது. நோயாளிகளை அவசரத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தும் கனடாவின் ஐந்து நிலை டிரையாஜ் முறையே ஆஸ்திரேலிய முறையிலிருந்து வந்தது. மருந்துப் பெயர்கள் மாறும்: எபிநெஃப்ரின் அங்கே அட்ரினலின், அசிடமினோஃபென் பாராசிட்டமால், சக்சினைல்கோலின் சக்சமெத்தோனியம். அவசரத்தில் ஒரு கணம் தடுமாற வைக்கும் அளவுக்கு இது போதும், முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும். பாம்புக்கடிதான் புதிய பாடம். அழுத்தக் கட்டு எப்போது போடுவது, எப்போது அவிழ்ப்பது, 12 மணி நேரம் வரை ரத்த உறைவுப் பரிசோதனையை ஏன் திரும்பத் திரும்பச் செய்வது என்பதெல்லாம் கனடாவின் எந்தச் சுழற்சியிலும் வராது.

நியூசிலாந்து இன்னும் எளிது. ஒத்த சுகாதார அமைப்புள்ள நாடுகளின் பட்டியலில் கனடா இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 48 மாதத்தில் 33 மாதமாவது, வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் அத்தகைய நாட்டில் வேலை செய்திருந்தால் தேர்வில்லாமல் பொதுப் பிரிவில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். ரெசிடென்சி மாதங்கள் இதில் எண்ணப்படுமா என்பதைப் புதிதாகப் பயிற்சி முடித்தவர் மருத்துவக் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஊரக மருத்துவமனை மருத்துவம் அங்கே 2008 முதல் தனித் துறை. அவசர வெளிநோயாளி சிகிச்சைக்கும் தனித் துறை உண்டு. 2+1 பயிற்சியை விளக்காமலே புரிந்துகொள்ளும் ஒரே நாடு என்று இதைச் சொல்லலாம். விபத்துக் காயம் எதுவானாலும் அரசு விபத்துக் காப்பீடான ஏ.சி.சி.யின் படிவம் நிரப்ப வேண்டும். நோயாளிக்கு அதுதான் பணம், ஆகவே சோம்பல் கூடாது.

பிரிட்டனும் மற்றவையும்

பிரிட்டனில் மூத்த நிபுணரான கன்சல்டன்ட் என்ற நிரந்தரப் பதவிக்கு நிபுணர் பதிவேட்டில் பெயர் வேண்டும். அங்கே அவசர மருத்துவத்துக்கு அடித்தளப் பயிற்சிக்குப் பிறகு 6 ஆண்டு. 2023 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கும் போர்ட்ஃபோலியோ வழியில், அதே பயிற்சியைப் பெற்றேன் என்று காட்ட வேண்டியதில்லை. நிபுணருக்கு வேண்டிய அறிவும் திறனும் அனுபவமும் இருக்கின்றன என்று காட்டினால் போதும். கேட்க இனிமை. ஆனால் சான்றாவணங்கள் பெட்டி பெட்டியாகச் சேர வேண்டும், பெரும்பாலும் பிரிட்டனிலேயே சில ஆண்டு வேலை பார்த்துத்தான் அவை சேரும். நடைமுறையில் 2+1காரர் செல்லக்கூடியது கன்சல்டன்டுக்குக் கீழான ஸ்பெஷாலிட்டி டாக்டர் பதவி, அல்லது குடும்ப மருத்துவர் பதிவேட்டில் ஏறி அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டர் வேலை. இங்கிலாந்தில் பொது மருத்துவராக என்.எச்.எஸ். எனும் அரசு சுகாதாரச் சேவையில் வேலை செய்ய பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட் என்ற இன்னொரு பட்டியலிலும் சேர வேண்டும். இதை மறந்துவிட்டு விமான டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு.

வளைகுடா நாடுகளில் லைசென்ஸ் வாங்குவதைவிட எந்தத் தலைப்பில் வாங்குகிறோம் என்பதே பெரிய கேள்வி. ஸ்பெஷலிஸ்டா, கன்சல்டன்டா, குடும்ப மருத்துவமா, அவசர மருத்துவமா என்பதைப் பொறுத்துச் சம்பளமே மாறும். டேட்டாஃப்ளோ நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகு ஆணையம் தரும் வகைப்பாட்டைக் கையில் வாங்கிய பின்தான் ஒப்பந்தம். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்லும் தலைப்புக்கு மதிப்பில்லை.

எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற மனிதாபிமானப் பணிக்கு இந்தப் பயிற்சி மிக நன்றாகப் பொருந்தும். பிரெஞ்சு தெரிந்தால் வாய்ப்பு கூடும். உல்லாசக் கப்பல் வேலைக்கும் குடும்ப மருத்துவமும் எமர்ஜென்சியும் கலந்த அனுபவத்தைத்தான் தேடுகிறார்கள்.

காகிதங்கள்

விண்ணப்பங்கள் தாமதமாவது திறமைக் குறைவால் அல்ல, காகிதத்தால். ரெசிடென்சி முடிந்த மாதமே பயிற்சித் திட்ட இயக்குநரிடம் ஒரு கடிதம் வாங்கி வைக்க வேண்டும். எமர்ஜென்சி, ஐ.சி.யூ., மயக்கவியல், எலும்பு, குழந்தைகள் எமர்ஜென்சி என ஒவ்வொரு சுழற்சியும் எத்தனை வாரம் என்று அதில் இருக்க வேண்டும். பல வருடம் கழித்துக் கேட்டால் இயக்குநர் மாறியிருப்பார், பழைய கோப்பும் கிடைக்காது. இன்டுபேஷன், சென்ட்ரல் லைன், மார்புக் குழாய், மயக்கம் கொடுத்துச் செய்த சிகிச்சை ஆகியவற்றின் எண்ணிக்கைப் புத்தகத்தையும் விடாமல் எழுதி வர வேண்டும். அல்ட்ராசவுண்டைத் தனித்துச் செய்யலாம் என்று கனடாவில் தரும் 'இண்டிபெண்டன்ட் ப்ராக்டிஷனர்' சான்று இருந்தால் கூட வைக்கலாம். வெளிநாட்டில் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை, ஆனால் நேர்காணலில் பேச்சைச் சுருக்கும்.

நன்னடத்தைச் சான்று, மருத்துவ உரிமம் தரும் மாகாணக் கல்லூரியிலிருந்து நேராக வெளிநாட்டுக் கவுன்சிலுக்குப் போக வேண்டும், பொதுவாக 3 மாதம்தான் செல்லும். லோகமாக (தற்காலிக மாற்று மருத்துவராக) மூன்று மாகாணங்களில் வேலை பார்த்திருந்தால் மூன்றிலிருந்தும் வர வேண்டும். மற்ற எல்லாம் தயாரான பிறகே இதைக் கேட்பது நல்லது. முதலில் வாங்கினால் காலாவதியாகி மறுபடி கட்டணம்.

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, கனடா உரிமத்தில் அதுவே குடும்பப் பெயராக, சில இடத்தில் முன்னும் பின்னும் மாறி. மூலச் சரிபார்ப்பு நிறுவனங்களின் கணினிக்கு இவை மூன்று வேறு மனிதர்கள். எல்லா வடிவமும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, விண்ணப்பத்தின் முதல் நாளே இணைத்துவிட வேண்டும். கேட்கும்வரை காத்திருந்தால் வாரக்கணக்கில் கோப்பு தூங்கும்.

திரும்பி வரும் எண்ணம் இருந்தால் குடும்ப மருத்துவர்கள் கல்லூரியின் உறுப்பினர் கட்டணத்தையும் தொடர்கல்விக்கான மெயின்ப்ரோ ப்ளஸ் புள்ளிகளையும் விடக் கூடாது. விட்டால் சி.சி.எஃப்.பி. என்று போட்டுக்கொள்ளும் உரிமையே போகும். பல மாகாணங்கள் கடைசி 3 ஆண்டில் மருத்துவம் பார்த்ததற்கான சான்றும் கேட்கும். கப்பலிலோ நிர்வாக வேலையிலோ நீண்ட காலம் இருந்தவருக்கு இது சிக்கலாகும்.

கடைசியாகக் காப்பீடு. மருத்துவர்கள் மீதான வழக்குகளுக்குக் கனடாவின் சி.எம்.பி.ஏ. சங்கம் தரும் பாதுகாப்பு பொதுவாகக் கனடாவில் செய்த வேலைக்கு மட்டும்தான். நாட்டை விட்டுப் போன பிறகு பழைய கனடா நோயாளி வழக்குப் போட்டால் அது காக்கும். வெளிநாட்டில் பார்க்கும் நோயாளிக்குக் காக்காது. அமெரிக்கப் பாலிசிகள் பலவும் வழக்கு வரும் நாளில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் பணம் தருபவை. ஆகவே வேலையை விடும்போது டெயில் என்ற பின்காப்பீடு வாங்க வேண்டும், அதன் விலை லேசானதல்ல. அதை யார் கட்டுவது, மருத்துவமனையா மருத்துவரா என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.